பெரிய கொட்டகையின் தூளிக்காரி

"உனக்கு எதுக்குத்தா அந்தக் கதை? போனியா, சேலை எடுத்தியா, பையைத் தூக்கிட்டு வந்தியான்னு இருக்க மாட்டியா? அந்த எடத்துல முன்னாடி என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் சேலை சாயம் போகாம இருக்குமாக்கும்!"

எங்கள் மாடியில் புதிதாகக் குடியிருக்கும் கோயம்புத்தூர்ப் பெண்ணை நான் இப்படித்தான் வைதேன். நாலு மாடித் துணிக்கடைக்குப் போய்விட்டு, மூன்று பைகளோடு வந்து, மூச்சு வாங்க என் வீட்டுப் படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சும்மா இருந்திருக்கலாம். "அந்தக் கடை இருக்கிற எடத்துல முன்னால ஏதோ தியேட்டர் இருந்துச்சாமாங்க? ஆட்டோக்காரர் சொன்னாருங்க" என்றாள்.

ஏதோ தியேட்டர். நல்லவேளை, மீனாட்சியைக் காட்டி இது ஏதோ கோயிலா என்று கேட்காமல் விட்டாள்.

வைது முடித்ததும் காப்பி போட்டுக் கொடுத்தேன். வைத சூட்டில் கேட்கிற ஆள் எழுந்து போய்விட்டால் நான் யாரிடம் சொல்வது? அவளிடம் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். முன்னே பின்னே இருந்தால் நீங்களே நேராக்கிக்கொள்ளுங்கள்.

நாங்கள் அதைப் பெரிய கொட்டகை என்போம். முதலாளி வாயில் நுழையாத ஒரு பெயரை வைத்து, முகப்பில் விளக்கெழுத்தில் எழுதியும் வைத்திருந்தார். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது வழி கேட்டால் வெளியூர் ஆள் என்று தெரிந்துவிடும். நான் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தபோது அது சாரத்துக்குள் நின்றது. அதற்கு முன்னால் அந்த இடம் கழுதை மேய்கிற பொட்டல். "இம்புட்டுப் பெருசாக் கட்டுறாகளே, மதுரைச் சனம் பூராம் வந்தாலும் பாதி நாற்காலி காலியாத்தான் கெடக்கும்" என்று என் மாமியார் தினமும் வருத்தப்படுவார். அவர் கைக்காசைப் போட்டுக் கட்டுவது போலவே இருக்கும்.

திறந்த அன்று மாமியாரே உள்ளே போக இடம் கிடைக்காமல் திரும்பி வந்தார்.

அப்படி ஒரு கட்டடத்தை இந்த ஊர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வாசலில் பளபளவென்று வெள்ளைக் கல் படிகள். கிராமத்திலிருந்து வந்தவர்கள் அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிக் கீழே விட்டுவிட்டு ஏறினார்கள். "அய்யா, இது கோயில் இல்லய்யா, போட்டுக்கிட்டே வாங்கய்யா" என்று வாட்ச்மேன் தொண்டை வற்றக் கத்துவார். ஒருவரும் கேட்கவில்லை. உள்ளே திரைக்கு முன்னால் தங்க நிறத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு படுதா. பாட்டுச் சத்தத்தோடு, அடியில் கலர் விளக்குகள் மாறி மாறி எரிய, அது மெல்ல மேலே ஏறும். ஏறுகிறபோது பெண்கள் பக்கம் குலவை போடுவார்கள். படத்துக்கு இல்லை, படுதாவுக்கு!

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வருகிற சனம், கட்டுச்சோற்றோடு நேரே கொட்டகைக்கு வந்துவிடும். டிக்கெட் கிடைக்காதவர்கள் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து வருகிற பஸ்ஸில் கண்டக்டர் "கொட்டகை எல்லாம் எறங்கு" என்றால் பாதி பஸ் காலியாகும். படம் என்ன என்று இறங்கிய பிறகுதான் கேட்பார்கள்.

என் வீட்டுக்காரருக்கு அங்கே சைக்கிள் ஸ்டாண்டில் வேலை. தகரத்தில் நம்பர் அடித்த டோக்கன் வைத்திருப்பார். ஒவ்வொரு நம்பரிலும் இரண்டு. ஒன்றை சைக்கிள் ஹேண்டிலில் மாட்டுவார், இன்னொன்றை வந்தவர் கையில் கொடுப்பார். மதியச் சோறு கொண்டுபோகிற சாக்கில் நான் பெண்கள் பக்கத்து வராந்தாவில் போய் நிற்பேன். உள்ளே ஓடுகிற படத்தைவிட அங்கே நடப்பது நல்ல படம்.

கதவு திறக்கும். கைப்பிள்ளையோடு ஒருத்தி வெளியே வருவாள். அவளுக்குப் பின்னாலேயே உள்ளிருந்து ஆம்பிளைக் குரல்கள் வரும். "ஏம்மா, புள்ளைய வெளிய தூக்கிட்டுப் போம்மா, வசனம் கேக்கலம்மா!" இவள் வராந்தாவில் நின்று பிள்ளையை ஆட்டிக்கொண்டே, கதவு இடுக்கில் ஒரு கண்ணை வைத்து, பாதிப் படம் பார்ப்பாள். பெற்றதில் ஆம்பிளைக்கும் பங்கு உண்டு அல்லவா? அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த ஓர் ஆம்பிளையை நான் அந்த வராந்தாவில் கண்டதில்லை.

ஒரு நாள் ஒருத்தி ஓடிவந்து என் கையில் பிள்ளையைத் திணித்தாள்.

"அக்கா, ஒரே நிமிசம் புடிச்சுக்கங்க. அந்தப் புள்ள கெணத்துல குதிக்கப் போகுது. குதிச்சிருச்சான்னு மட்டும் பாத்துட்டு வந்திர்றேன்."

படம் முடிந்துதான் வந்தாள்.

"குதிச்சுச்சா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா, கல்யாணமே ஆயிருச்சு!"

அதற்குள் எனக்குத் தோள் இற்றுப்போயிருந்தது. சோற்றுக் கூடைக்குச் சும்மாடு வைக்கக் கொண்டுவந்த பழஞ்சேலையை எடுத்து, வராந்தாக் கூரைக்குக் கீழே மழைத் தட்டி கட்டுவதற்காக நீளமாக ஓடிய இரும்புக் குழாயில் தூளி கட்டிவிட்டேன். பிள்ளை நிம்மதியாகத் தூங்கியது. மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். அந்த வாரக் கடைசியில் குழாயில் ஆறு தூளி தொங்கியது. நான் ஒரு கோடியில் தொடங்கி மறுகோடி வரைக்கும் ஒவ்வொன்றாக ஆட்டிக்கொண்டே நடப்பேன். திரும்பி வருவதற்குள் முதல் பிள்ளை முனகத் தொடங்கும்.

மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. "இது கொட்டகையா, பிரசவ ஆஸ்பத்திரியா?" என்று குதித்தார். முதலாளியிடம் போனது பஞ்சாயத்து. அவர் அதிகம் பேசாத மனிதர். வராந்தாவுக்கு வந்து தூளிகளைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து உள்ளே நிரம்பியிருந்த பெண்கள் பக்கத்தைப் பார்த்தார்.

"இருக்கட்டும்" என்றார். "இந்தாம்மா, ஒரு புள்ளைக்கு ஒண்ணுன்னாலும் அன்னைக்கே எல்லாத்தையும் அவுத்துரணும். நீயும் வரக்கூடாது."

எனக்குச் சம்பளமும் போட்டார். அது கிடக்கட்டும். அந்த வராந்தா என்னுடையதானது, அதுதான் பெரிது. வீட்டில் நான் ஒரு மருமகள், அவ்வளவுதான். தெருவில் இன்னார் பெண்டாட்டி. அந்த வராந்தாவில் மட்டும் நான் சொன்னால் மேனேஜர்கூட செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து போகவேண்டும். அதை யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

எல்லா வகைப் பிள்ளைகளும் வரும். தறி ஓட்டுகிற சௌராஷ்டிரக் குடும்பத்துப் பிள்ளைகள் வீட்டில் வேறு பாஷை கேட்டு வளர்ந்தவை. என் தாலாட்டுக்கு மசியாது. அவர்களுடைய அம்மாக்களிடம் நாலு வரி கேட்டு மனப்பாடம் செய்துகொண்டேன். அர்த்தம் தெரியாமலே பாடுவேன், தூங்கிவிடும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் அர்த்தம் தெரிந்தா தூக்கம் வந்தது?

பிள்ளைகள் கூடக் கூட, எது யாருடையது என்று குழப்பம் வந்தது. அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். என் வீட்டுக்காரரிடம் அதே நம்பர்களில் உபரியாகக் கிடந்த இன்னொரு கட்டுத் தகர டோக்கன்களை வாங்கிக்கொண்டேன். ஒன்றைப் பிள்ளையின் அரைஞாண் கயிற்றில் கட்டுவேன். அதே நம்பரை அம்மா கையில் கொடுப்பேன். சைக்கிளுக்குச் சரியாக வருவது பிள்ளைக்கு வராதா?

வராது. வெகு நாள் கழித்து ஒரு மதியக் காட்சியில்தான் அது தெரிந்தது.

ஒரு கிராமத்துப் புருசன், பெண்டாட்டி. அவன் சைக்கிளை ஸ்டாண்டில் விட்டு அஞ்சாம் நம்பர் டோக்கன் வாங்கிக்கொண்டு ஆம்பிளைகள் பக்கம் போனான். அவள் பிள்ளையை என்னிடம் விட்டுப் பதினேழாம் நம்பர் வாங்கிக்கொண்டு பெண்கள் பக்கம் போனாள். இடைவேளையில் அவன் கடலைப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். தொலைந்துவிடுமோ என்ற பயத்தில் அவள் தன் டோக்கனை அவன் கையில் கொடுத்திருக்கிறாள். இரண்டும் ஒரே சட்டைப் பையில்.

படம் முடிந்தது. நெரிசலுக்கு முன்னால் சைக்கிளை எடுத்துவிடலாம் என்று அவன் ஸ்டாண்டுக்கு ஓடி, கையில் வந்த டோக்கனை நீட்டினான். அது பதினேழு. என் வீட்டுக்காரர் பதினேழாம் நம்பர் சைக்கிளைத் தள்ளிக் கொடுத்தார். எல்லாச் சைக்கிளும் கறுப்புதானே. அதை வேலி ஓரம் நிறுத்திவிட்டு, மிச்சமிருந்த டோக்கனோடு என்னிடம் வந்தான். அது அஞ்சு. அஞ்சாம் நம்பர் பிள்ளை அப்போதுதான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் வெளிச்சம் படக்கூடாதென்று துண்டால் மூடி, தோளில் போட்டுவிட்டேன். "மெதுவாப் போங்க, முழிச்சிரும்" என்று புத்தியும் சொன்னேன்.

தெருமுனையில் காத்திருந்த பெண்டாட்டி துண்டை விலக்கினாள். அவள் விட்டுப்போனது ஆண் பிள்ளை. துண்டுக்குள் இருந்தது பெண் பிள்ளை, காதில் தோடு வேறு.

அவள் போட்ட கூச்சல் வராந்தா வரைக்கும் கேட்டது. அதே நேரத்தில் அஞ்சாம் நம்பர் அம்மா வந்து காலித் தூளியைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் பதினேழாம் நம்பர் சைக்கிள்காரர் என் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரே ஆள், ஒரே நேரத்தில், அடுத்தவன் சைக்கிளையும் அடுத்தவள் பிள்ளையையும் தள்ளிக்கொண்டு போயிருக்கிறான்!

ஊரே கூடிவிட்டது. பிள்ளைகள் உடனே மாறி வந்துவிட்டன. இரண்டுக்கும் ஒன்றும் தெரியாது, ஒன்று இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆள் மட்டும் நடுவில் நின்று, "நம்பரைப் பாத்துத்தானண்ணே குடுத்தாக? நான் என்னண்ணே செய்ய?" என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஏன்டா மாப்ள, ஒம் புள்ள மொகம் ஒனக்குத் தெரியாதாடா?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"தூங்குனா எல்லாப் புள்ளையும் ஒரே மாதிரித்தானண்ணே இருக்கு?"

என் வீட்டுக்காரர் என்மேல் பாய்ந்தார். "இந்தா புள்ள, அறிவிருக்கா ஒனக்கு? நம்பரைப் பாத்துப் புள்ளையத் தூக்கிக் குடுப்பியா?"

"நீங்க நம்பரைப் பாத்துச் சைக்கிளைக் குடுக்கலையாக்கும்? டோக்கன் யாரு குடுத்த டோக்கன்?"

"சைக்கிளும் புள்ளையும் ஒண்ணாடி?"

"ஒண்ணில்லைன்னா எதுக்குங்க எங்கிட்ட அதே தகரத்தைத் தூக்கிக் குடுத்தீக?"

கூட்டம் சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. அவருக்கு நல்ல நாள் அது. முதலாளியை அழைத்துவந்தே விட்டார். "நான் அன்னைக்கே சொன்னேங்க" என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். சொன்ன சொல் அவருக்கும் நினைவிருந்தது, எனக்கும் நினைவிருந்தது. நான் முதல் தூளியின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினேன்.

அப்போது அந்த அஞ்சாம் நம்பர் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே என் கையைப் பிடித்தாள்.

"ஏக்கா அவுக்குறீக? நாளான்னைக்கு எந் தங்கச்சிய மறுவீட்டுக்குக் கூட்டிட்டு வர்றோம். மாப்ள வீட்டு ஆளுகளோட படத்துக்கு வரணும்ல. புள்ளைய எங்கிட்டு விடுறது?"

முதலாளி அவளையே கேட்டார். "ஏம்மா, இம்புட்டு நடந்தப்புறமுமா?"

"அதுக்கு அந்தத் தகரத்தைத் தூக்கிப் போடச் சொல்லுங்க. நான் எஞ் சேலையக் கொண்டாறேன். எஞ் சேலைத் தூளி எனக்குத் தெரியாதா?"

பெரிய பெரிய ஆட்கள் நிற்கிற இடத்தில், இடுப்பில் பிள்ளையோடு அவள்தான் வழி சொன்னாள். எனக்கு அது தோன்றாமல் போனதே என்று இன்றைக்கும் கொஞ்சம் பொறாமை உண்டு. விட்ட இடத்திலிருந்து நான் பிடித்துக்கொண்டேன்.

"அய்யா, இனிமே டோக்கன் கெடையாது. வாரவ அவ பழஞ்சேலையக் கொண்டுக்கிட்டு வரட்டும். அதுலதான் கட்டுவேன். வந்து சேலையத் தொட்டுக் காட்டுறவளுக்குத்தான் புள்ள. ஆம்பள கையில குடுக்கவே மாட்டேன்."

"ஏன், ஆம்பள என்ன செஞ்சான்?" என்றார் மேனேஜர்.

"ஒங்க வீட்டுக்காரம்மாவோட பழஞ்சேலை என்ன கலரு? சொல்லுங்க பாப்போம்."

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி வானத்தைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் ஸ்டாண்டில் வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். தூளி அவிழவில்லை.

அதற்குப் பிறகு மதுரையில் அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. ஒருத்தி நல்ல சேலை உடுத்தி, கக்கத்தில் ஒரு பழஞ்சேலையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினால், எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பெரிய கொட்டகைக்குத்தான். புதுப் படம் வந்த நாட்களில் குழாய் முழுக்கச் சேலைகள். சுங்குடி, கண்டாங்கி, சாயம் போன பூப்போட்ட வாயில் சேலை என்று கொடியில் துணி காயப்போட்ட மாதிரி இருக்கும். எந்த வீட்டில் என்ன சேலை கிழிந்திருக்கிறது, எவள் மாமியார் சேலையைத் திருடிக்கொண்டு வந்திருக்கிறாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வாயைத் திறந்திருந்தால் பாதி ஊர் சண்டையில் கிடந்திருக்கும். அத்தனை பிள்ளைகள் என் குழாயில் தூங்கின. அந்த நாளுக்குப் பிறகு ஒன்றுகூட மாறிப் போகவில்லை. இந்த ஊரில் எத்தனையோ பெரிய மனிதர்கள் என் முந்தானையை நனைத்தவர்கள்தான். நேரில் பார்த்தால் அவர்களுக்கு என்னைத் தெரியாது. எனக்கும் அவர்கள் முகம் தெரியாது. அவர்கள் அம்மாவின் சேலையைக் காட்டினால் சொல்லிவிடுவேன்.

பிறகு வீட்டுக்கு வீடு டிவி வந்தது. அப்புறம் கேபிள். அழுகிற பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டே படம் பார்க்கலாம், யாரும் எழுந்து போகச் சொல்லமாட்டார்கள் என்றால் எவள் வரிசையில் நிற்பாள்? நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். குழாயில் தூளி ஆறாக, மூன்றாகக் குறைந்தது. ஒரு மழைக்காலத்தில் ஒன்றுகூட இல்லை. முதலாளி காலமாகியிருந்தார். புதிதாக வந்த மேனேஜர், "நாளையிலருந்து நீங்க வர வேணாம்மா" என்றார். பால்கனியை மூடினார்கள். தங்கப் படுதா மேலே ஏறியபடியே சிக்கி நின்றது, அப்படியே விட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார். சைக்கிள் ஸ்டாண்டு வண்டி ஸ்டாண்டு ஆனது. அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் மட்டும் கண்டக்டர் "கொட்டகை எல்லாம் எறங்கு" என்று விடாமல் கத்திக்கொண்டிருந்தார்.

நான் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். வரக்கூடாது என்று சொன்ன இடத்துக்குப் போகிற பழக்கம் எனக்கு இல்லை.

அப்போதுதான் கொட்டகையை விற்றாயிற்று, வெள்ளிக்கிழமை பகல் காட்சிதான் கடைசி என்று போர்டு எழுதிப் போட்டார்கள். ஏதோ பழைய படமாம். எதிர்வீட்டுக்காரி வந்து சொன்னபோது நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஆய்ந்து முடித்தேன். பிறகு டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு நூல் சேலையை எடுத்துப் பையில் வைத்தேன். எதற்கு என்று மருமகள் கேட்டாள். "குளிரும்ல" என்றேன். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். வேண்டாம் என்று அனுப்பிவைத்த ஆளாக அந்த வராந்தாவை விட்டுவிடக்கூடாது. கடைசிக் காட்சிக்கு என் இடத்தில் நான் நிற்கவேண்டும்.

வாசலில் நின்ற மேனேஜர் இளவயசுக்காரர். நான் விவரத்தைச் சொன்னேன்.

"தூளியா? அதெல்லாம் கட்டக்கூடாதும்மா. ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? டிக்கெட் எடுத்துட்டுப் போயிப் படம் பாருங்க. எங்கன வேணும்னாலும் உக்காருங்க."

"எங்கன வேணும்னாலும் உக்காரலாம். வராந்தாவுல நிக்கக்கூடாது, அப்படித்தான தம்பி?"

"ஆமாம்மா."

டிக்கெட் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம் என்று இப்போது கிடையாது. கூட்டம் மோசமில்லை. என் வயசுக்காரிகள்தான் அதிகம். படம் தொடங்கியது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், காது மட்டும் வேறு வேலையில் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் எனக்கு மூன்று வரிசை முன்னால் ஒரு பிள்ளை சிணுங்கியது. சிணுங்கல் அழுகையானது. அழுகை நல்ல வீச்சென்று ஏறியது. பின்னாலிருந்து ஓர் ஆம்பிளைக் குரல், "பாப்பாவ வெளிய தூக்கிட்டுப் போங்க மேடம்!" என்றது. மேடம் என்பது மட்டும்தான் புதுசு.

சுடிதார் போட்ட ஒரு பெண் பிள்ளையோடு எழுந்தாள். நானும் எழுந்து போய், கதவுக்கு முன்னால் அவளை மறித்துக் கையை நீட்டினேன்.

"குடு ஆத்தா. நான் பாத்துக்கிறேன். நீ போயிப் படத்தைப் பாரு."

அவள் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். "யாரு நீங்க?"

அவள் கேட்டது நியாயம்தான். இருட்டில் முன்பின் தெரியாத ஒரு கிழவி வந்து பிள்ளையைக் கொடு என்றால் நானாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். யார் என்று சொல்வது? எனக்கு அங்கே சம்பளம் இல்லை, டோக்கன் இல்லை, மேனேஜரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

அப்போது இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "அட, குடு புள்ள. அது தூளிக்காரம்மா."

"எந்தத் தூளிக்காரம்மா?" என்றது இன்னொரு குரல்.

"என்னடி, மறந்துட்டியா? ஒம் மூத்தவனை இங்கனதான போட்டுட்டுப் படம் பாத்த?"

"ஆத்தீ! இன்னும் இருக்காகளா?"

"இருக்கேன்டி, இருக்கேன்" என்றேன்.

அந்த ஓரத்திலிருந்து ஒருத்தி, இந்த ஓரத்திலிருந்து ஒருத்தி என்று கிழவிகள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். "குடு ஆத்தா, தைரியமாக் குடு. எம் புள்ள மூணும் அவுக ஆட்டுனதுதான்." பின்னாலிருந்த ஆம்பிளைக் குரல், "வசனம் கேக்கல!" என்றது. "கேட்டு என்ன செய்யப் போறீரு, மனப்பாடமாத் தெரிஞ்ச படம்தான?" என்று ஒருத்தி அடக்கினாள்.

அந்தப் பெண் யோசித்தாள். பிறகு போனை எடுத்தாள். "அம்மா, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன். தப்பா நெனைக்காதீங்க."

"எடு ஆத்தா, நல்லா எடு. பொட்டு தெரியிற மாதிரி எடு" என்றேன். நல்ல அம்மாதான். நிம்மதியாகப் பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.

வராந்தா அழுக்காகக் கிடந்தது. இடித்து அள்ளுவதற்காகப் பால்கனிக் கதவுகளைக் கழற்றி அடுக்கியிருந்தார்கள். குழாய் துருப்பிடித்திருந்தாலும் உறுதியாகத்தான் இருந்தது. முதலில் நான் தொங்கிப் பார்த்துக்கொண்டேன். என்னையே தாங்கினால் பிள்ளையைத் தாங்காதா? சேலையைக் கட்டினேன். பிள்ளையைப் போட்டேன். புது இடம், புதுத் தூளி என்று கொஞ்சம் முரண்டு பிடித்தது. சௌராஷ்டிரத் தாலாட்டைப் பாடிப் பார்த்தேன். அடங்கிவிட்டது. எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துவரும் என்று இன்றைக்கும் எவராலும் சொல்லமுடியாது.

மேனேஜர் விறுவிறுவென்று வந்தார். நான் உதட்டில் விரலை வைத்தேன். அந்த மனிதர் என்னை வைதார், வைய வந்தது முழுவதையும் வைதார், ஆனால் கிசுகிசுவென்று வைதார். "என்னம்மா இது, நான் என்ன சொன்னேன், நீங்க என்ன செய்யிறீங்க, வயசான காலத்துல..." தூளிக்குள்ளே எட்டிப் பார்த்தார். குரல் இன்னும் இறங்கியது. "சரி, படம் முடியிற வரைக்குந்தான்."

"அதுக்கு மேல எங்க தம்பி இருக்கு கொட்டகை?" என்றேன் நானும் கிசுகிசுத்து.

அவர் செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பிப் போனார்.

உள்ளே சிரித்தார்கள், உள்ளே அழுதார்கள், ஒரு முறை கைதட்டினார்கள். நான் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்கவேண்டியிருக்கவில்லை. ஒரே தூளி, நின்ற இடத்திலேயே ஆட்டினேன். இடைவேளையில் பழைய ஆட்கள் ஒவ்வொருத்தியாக வெளியே வந்து பார்த்தார்கள். ஒருத்தி என் சேலை முனையைத் தொட்டு, "நூல் நல்ல நூல்" என்று சொல்லிவிட்டுப் போனாள். படம் முடிந்து அந்தப் பெண் வந்தபோது பிள்ளை முழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. "அழவே இல்லையாம்மா?" என்று நம்பாமல் கேட்டாள்.

"அழுகுறதுக்கு அங்க என்னத்தா இருக்கு? நீ படத்தை முழுசாப் பாத்தியா?"

"பாத்தேன்மா. பிள்ளை பொறந்ததுக்கப்புறம் இப்பத்தான் ஒரு படத்தை முழுசாப் பாக்குறேன்."

அது போதும் எனக்கு. முடிச்சை நானே அவிழ்த்தேன். யார் சொல்லியும் இல்லை, வேலை முடிந்தது, அவிழ்த்தேன். சேலையை உதறி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வெள்ளைக் கல் படியில் நிமிர்ந்து இறங்கி வந்தேன். அடுத்த வாரம் இயந்திரம் வந்தது. இரண்டு மாதத்தில் இடித்து முடித்தார்கள். அவ்வளவு நாள் ஆனது. அதிலும் எனக்குப் பெருமைதான், லேசில் விழுகிற கட்டடமா அது?

கடைசிக் காட்சி அன்று நான் தெருவுக்குள் நுழையும்போது அக்கம்பக்கத்துக்காரிகள் தண்ணீர்க் குழாயடியில் குடத்தோடு நின்றார்கள்.

"என்ன மதினி, கடைசிப் படத்துக்குப் போனீகளாமே? கூட்டம் இருந்துச்சா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"எம்புட்டுக் கூட்டங்கிற! எனக்கு உக்காரவே நேரம் இல்லை."

"தூளியெல்லாம் கட்டுனீகளா?"

"பின்ன? கட்டாமலா?"

"எத்தனை கட்டுனீக?"

"அதை எவடி எண்ணிக்கிட்டு இருந்தா? ஆட்டவே கை போதல."

"சரி, படம் எப்பிடி இருந்துச்சு?"

நான் அவள் குடத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, குழாயில் காலைக் கழுவிக்கொண்டே சொன்னேன்.

"ரொம்ப நல்ல படம்டி. ஒரு பொம்பளகூடப் பாதியில எந்திரிச்சுப் போகல."